செத்தவருக்கு வரைந்த கண்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங், அதாவது படத்தில் குறை திருத்துகிற வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்த் தேறிய முதல் ஆள் நான். எதையும் புத்தகத்தில் சொன்னபடிதான் செய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். தொழிலையும் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு படித்துத்தான் கற்றேன்.

முதல் பாடம் பென்சில். முனையை ஊசி மாதிரி சீவி, நெகடிவில் அம்மைத் தழும்பு உள்ள இடத்தில் மெல்லப் புள்ளி வைக்க வேண்டும். நெகடிவில் எல்லாம் தலைகீழ். அங்கே கறுப்பு ஏற்றினால் பிரிண்டில் வெளுப்பாகும். கொஞ்சம் அழுத்தினாலும் முகத்தில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஆகிவிடும். பிரிண்டில் வேலை என்றால் பிரஷ்ஷும் தண்ணீர்ச் சாயமும்.

அப்போது பலருக்குச் செத்த பிறகு எடுப்பதுதான் முதல் போட்டோ. நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு எடுப்பார்கள். வாய்க்கட்டுத் துணியையும் நெற்றிக் காசையும் மறைத்து, கண்ணைத் திறந்து, கருமாதிக்குள் நான் தர வேண்டும்.

அப்படிப் படமாக வந்தவர் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை அடுக்குகிறவர். மனைவிக்கு நிறைமாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அப்பன் முகம் என்று காட்ட இந்த ஒரு படம்தான் என்று செத்தவரின் அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

உயிருள்ள ஒரு கண்ணைப் பார்த்துக்கொண்டே வரை என்றது புத்தகம். அன்று ஸ்டூடியோவில் வேறு யாருமில்லை. வருகிறவர்கள் தலை சீவுகிற கண்ணாடியை எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

மூடிய இமைமேல் முதலில் வெள்ளை, பிறகு கருவிழி. கடைசியில் விழிக்குள் கடுகைவிடச் சிறிய ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளி வைக்கும்வரை அது படமாகத்தான் இருந்தது. வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்த்தது. சோற்று டப்பாவைத் திறப்பதற்கு முன் படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலை அந்த அக்கா வந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது ஒங்க கண்ணுங்க."

சாய்த்து வைத்த கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மேசைமேல் படத்தில் இருந்தவரும் அதே பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு மாதிரி வரைந்து தருகிறேன், அவர் கண் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சொல்லத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். சூளை வாசலில் நின்று நின்று எப்போதும் சுருக்கியே பார்ப்பாராம். அந்தக் கண் முழுசாகத் திறந்து அக்காவே பார்த்ததில்லையாம்.

"இத வூட்ல மாட்டி, பொறக்கற புள்ள ஒரு நாளைக்குக் கடைத்தெருவுல ஒங்களப் பாத்து அப்பான்னு கூப்புட்டா நாங்க என்னா பண்றது? மூடிக் குடுத்துடுங்க. தூங்குறாருன்னு சொல்லிக்கிறோம்."

பஞ்சை நனைத்து, இடது கண்ணை மேலிருந்து கீழே துடைத்தேன். சாயம் கரைந்து அடியிலிருந்த இமை வந்தது. பிணத்துக்குக் கண் மூடிவிடுகிற மாதிரியே கை போனது. அதன் பிறகு கை நகரவில்லை. மற்றொரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அதையும் மூடிடுங்க தம்பி."