ஐம்பதுக்கு நாற்பத்தாறு

2006-ஆம் ஆண்டு ஆவணி மாதம். தீபாவளி ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்த நேரம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வயது ஐம்பத்தொன்பது.

என் மகள் அப்போது அஞ்சல்வழியில் உளவியல் படித்தாள். புத்தகங்கள் கிடைக்காததால், திருத்தங்கல் பிரவுசிங் சென்டரில் இணையத்துப் பாடங்களைப் பிரிண்ட் எடுப்பாள். துணைக்கு நானும் போவேன். ஆளுக்கு ஆள் குணம் ஏன் மாறுகிறது என்று சொல்லும் ஒரு தளத்தில், நம் குணத்தை நாமே அளக்க ஐம்பது வாக்கியங்கள் இருந்தன. அவள் தமிழில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் எனக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டேன். அதில் பத்து வாக்கியங்கள் கவலையைப் பற்றியவை. 'பூட்டிய கதவைத் திரும்பவும் இழுத்துப் பார்ப்பேன்' என்பது போல. அந்தப் பத்தில் எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

பிரிண்ட் எடுத்த விளக்கத்தை வீட்டில் படித்தேன். இப்படிப்பட்டவர்கள் தங்களையும் வருத்திக்கொண்டு, சுற்றியிருப்பவர்களையும் களைப்படையச் செய்வார்கள் என்று இருந்தது. சுருக்கென்றது.

எங்கள் கம்பெனியில் இருபத்திரண்டு அறைகள். மருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று தலையை எண்ணுவேன். டீ குடித்துத் திரும்பியதும் மறுபடி எண்ணுவேன். "நாங்க என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள குட்டியா போட்டுருவோம்? நாலு பேருதான் இருக்கோம்" என்று பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது போல இருந்தது. ஒரு வாரம் எண்ணாமல் இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, மருந்து அடைக்கும் பதினோராம் அறையில் 'டம்' என்று ஒரு சத்தம். கூரைத் தகடு பறந்தது. எல்லோரும் வேப்பமரத்தடிக்கு ஓடினோம். பதினோராம் அறையிலிருந்து நான்கு பேர் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

"எல்லாரும் வந்தாச்சா அண்ணாச்சி?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

மற்ற நாளாக இருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். அன்று யார் எந்த அறையில் இருந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. எண்ணினேன். அறுபத்திரண்டு. வாட்ச்மேன் நோட்டுப்படி காலையில் கேட்டுக்குள் வந்தவர்கள் அறுபத்து மூன்று. மறுபடி எண்ணினேன். அறுபத்திரண்டு. அப்போதுதான் இருமிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒம்பதாம் ரூம் அக்காவும் எங்க கூடத்தான் இருந்துச்சு. லோடு அவசரம்னு நாங்கதான் கூப்பிட்டோம்."

நான் அறையை நோக்கி ஓடினேன். இரண்டு பேர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். "உள்ள இன்னும் மருந்து கெடக்கு, போகாதீக." புகை நின்றபாடில்லை. அந்தச் சில நிமிடங்களில் ஒன்பதாம் அறைப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அறைக்குப் பின்னால் இருந்த கருவேலம் புதருக்குள் ஏதோ அசைந்தது. பின்வாசல் வழியாக விழுந்தடித்து ஓடியவள், முள்ளில் சிக்கிக் கிடந்திருக்கிறாள். வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. வேனில் ஏற்றும்போது என்னைப் பார்த்தாள்.

"இடம் நெருக்கடி அண்ணாச்சி. மருந்துத் தட்டுல தட்டு உரசிருச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "காலையில வாசல்ல நின்னு எண்ணியிருந்தா, அஞ்சு பேருன்னு என்னைய விரட்டியிருப்பீகள்ல?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

கை ஆற மூன்று மாதம் ஆனது. தழும்பு மறையவில்லை.

விபத்து நடந்த அன்று மாலையே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். "ரெண்டாம் பக்கம் எங்கிட்டல்ல இருக்கு. முழுசாப் படிக்காமயாப்பா விட்டுட்டீக?" அதில், இது நோயும் அல்ல, குற்றமும் அல்ல, எந்தக் குணத்துக்கும் அதற்கேற்ற இடம் உண்டு என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் எண்ணுகிற நான், பக்கத்தை எண்ணவில்லை.

மறுநாளிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை ஒவ்வொரு வாசலிலும் எண்ணினேன், யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் பழையபடி சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.