ஹனோவரில் ஒரு மாட்டுச் சண்டை

போரால் நொந்த நாடுகளில் மறுபடி கலவரம் மூளாமல் பார்த்துக்கொள்ளும் ஊர்க் குழுக்களுக்கு உதவுகிற நிறுவனம் ஒன்றுக்கு நான் அவ்வப்போது மொழிபெயர்க்கப் போவேன். ஒரு வசந்த காலத்தில் இலங்கையின் கிழக்கிலிருந்து இரண்டு பெண்கள் ஜெர்மனியின் ஹனோவருக்கு வந்திருந்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம். அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். ஓர் ஊரின் மாடு மற்ற ஊரின் வயலில் இறங்கினால், ஆண்கள் பொல்லும் தடியும் தூக்குவதற்குள் இவர்கள் போனில் பேசிக்கொண்டு ஓடிப்போய் நடுவில் நின்றுவிடுவார்கள். போர்க்காலத்தில் இரண்டு ஊர்களும் எரிந்தவை. அங்கே மாடு வெறும் மாடில்லை.

நிறுவனத்தின் அதிகாரி நல்ல மனிதர். இங்கிருந்து ஒரு பயிற்சியாளரை அவர்களிடம் அனுப்பும் எண்ணத்தில் இருந்தார். கடைசியாக நடந்த தகராறைச் சொல்லச் சொன்னார்.

“நான்தான் முதல்ல இவளுக்குப் போன் எடுத்தன்,” என்றார் தமிழ்ப் பெண்.

“பொய் சொல்லாத. நான்தான் எடுத்த. உன்ட போன்ல சார்ஜே இல்ல,” என்றார் மற்றவர்.

பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ஆகவே, முதலில் எடுத்தது நான்தான் என்றேன். உடனே, பொய், நான்தான் என்றேன். உன் போனில் சார்ஜே இல்லை என்று என்னையே அதட்டினேன். அதிகாரி என்னைக் கவலையோடு பார்த்து, “கொஞ்சம் ஓய்வெடுப்போமா?” என்றார்.

அதைத் தமிழில் சொன்னதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“பயப்பட வேணாமெண்டு சொல்லுங்க தங்கச்சி. நாங்க ரெண்டு பேரும் கத்தினா ஊர் சும்மா இருக்கும்,” என்றார் தமிழ்ப் பெண்.

அதிகாரி பயிற்சியாளரின் திறமைகளை விளக்கினார். முஸ்லிம் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவருக்குத் தமிழ் தெரியுமா? மாடு பிடிப்பாரா?” என்றார்.

நான் அப்படியே ஜெர்மனில் கேட்டேன். அதிகாரி தாடையைத் தடவிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார்.

“அவர் பெர்லின்காரர்,” என்றார் கடைசியில்.

“அப்ப அவர் அங்கயே இருக்கட்டும். எங்களுக்கு ஓட்டோவுக்குப் பெட்ரோலும் வேலிக்குக் கம்பியும் தாங்க,” என்றார் முஸ்லிம் பெண்.

அதிகாரி சிரித்துவிட்டார். பயிற்சியாளரின் பயணம் கைவிடப்பட்டது. பெட்ரோலும் கம்பியும் தருவதாகவும், எதை எங்கே செய்வதென்பதை அவர்களே தீர்மானிக்கலாம் என்றும் சொன்னார். உடனே, வேலி யார் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். மதியச் சாப்பாடு ஆறும்வரை இரண்டு ஊர்களுக்காகவும் நான் ஒருத்தியே வாதாடினேன்.

அறுவடை முடிந்த பிறகு அதிகாரி என்னை அழைத்தார். வேலி நிற்கிறது, அந்தப் போகத்தில் அடிதடி இல்லை என்றார். கம்பியைத் தானே இழுத்துக் கட்டியவர்போல் அவர் குரலில் அத்தனை பெருமை.