டயர் கழலாத காலை

எட்டு மணிக்கு முன்னர் நான் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். பிந்தினால் பட்டியலில் அடுத்த ஆளை எடுத்துவிடுவோம் என்று நேர்ஸ் பிள்ளை மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தது. என் இடது கண் சீனி வருத்தமென்கிற நீரிழிவோடு போய் ஐந்து வருடமாகிவிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை விழுந்து, ஆட்கள் முகம் இல்லாமல் நடமாடத் தொடங்கியிருந்தார்கள். பெற்றோல் இல்லை, மருந்து இல்லை, கரண்ட் இல்லை என்று நாடே அல்லாடிய காலம் அது. எனக்கு ஒப்பரேசனுக்குத் தந்த நாள் இரண்டு தரம் தள்ளிப்போயிருந்தது. இனியும் விட்டால் புரை முற்றிவிடும், பிறகு பார்வைக்குப் பொறுப்புச் சொல்ல ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். சரிவந்தால் பார்வை, பிழையாய்ப் போனால் இருட்டு. மாற்றுக்கு இன்னொரு கண் என்னிடம் இல்லை. இரவு முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு விடிய எழும்பி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் என்னைக் கட்டிய மனிசன் "அட சனியனே!" என்று கத்தினார். சைக்கிளின் பின் சில்லில் காற்று இல்லை.

எங்கள் வீடு சாம்பல்தீவுப் பக்கம். அங்கிருந்து நகரத்துக்கு அவர் மிதிக்க, நான் கரியரில் இருந்து போவதாக ஏற்பாடு. ஒழுங்கையில் நின்ற இரண்டு ஓட்டோவும் மாதக்கணக்காய் அசையவில்லை. நிலாவெளியிலிருந்து வரும் பஸ் வந்தாலும் வரும், வராவிட்டாலும் கேட்பாரில்லை. நடக்கலாம் என்றால், பகலிலேயே வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுகிற ஆள் நான்.

"ஒண்டுக்கும் யோசிக்காத. ஒட்டுப் போட இருவது நிமிசம்," என்றார். அப்போது மணி ஆறு ஆகவில்லை.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைக் கழற்றினார். டயரைத்தான் கழற்ற முடியவில்லை. அது போன மாதம் போட்ட புது டயர். டயரின் விளிம்புக்குள் ஒரு கம்பி ஓடுகிறதல்லவா, அது ரிம்மின் உதட்டைத் தாண்டினால்தான் உள்ளே இருக்கிற டியூப்பை எடுக்கலாம். அவர் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினார். ஒரு விரற்கடை எழும்பும், கையை விட்டதும் டப்பென்று உள்ளே போய்விடும். இன்னொரு ஸ்க்ரூ டிரைவர் வந்தது. பிறகு குசினிக்குள் போய் என் சோற்றுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் காம்பு வளைந்ததுதான் கண்ட மிச்சம்.

"என்ர கரண்டியையும் நாசமாக்கியாச்சா? நேற்றுப் பின்னேரம் காத்துப் பாத்தனீங்களா எண்டு கேட்டனான். என்ன சொன்னீங்க? ஓம் எண்டனீங்க."

"நேற்று இருந்தது. கல்லு மாதிரி இருந்தது."

கடலால் வந்த பக்கத்து வீட்டுத் தம்பி இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். வலை இழுத்த ஈரம் காயாத காலால் டயரின் மேல் ஏறி மிதித்துப் பார்த்தான். "அண்ணே, இது டயரில்ல, கலியாண மோதிரம். சாகும்வரைக்கும் கழலாது," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவனும் அடங்கி, "அக்கா, யோசிக்காதீங்க, கரையில ஆரிட்டயும் சைக்கிள் கிடக்கோ எண்டு பாத்திட்டு வாறன்," என்று போனான். அந்த நாட்களில் எவர் வீட்டில் சைக்கிள் சும்மா கிடந்தது? எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆறே கால் ஆனது. "இஞ்ச, இதைக் கொஞ்சம் பிடி," என்று என்னைப் பலகைக் கட்டையில் இருத்திச் சில்லை என் முழங்காலுக்கிடையில் வைத்தார். அவர் எதிர்ப்பக்கம் நெம்ப, நான் இந்தப் பக்கம் டயரை உள்ளே அமர்த்திப் பிடிக்க வேண்டும். அமர்த்தினேன். அப்போதுதான் என் பெருவிரலில் அது பட்டது.

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு பக்கத்தில் டயரின் கம்பியை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால், மறுபக்கம் தொய்ந்து தானாகக் கழன்று வரும். பள்ளிக்கூடம் போன காலத்தில் என் சைக்கிளுக்கு நானே ஒட்டுப் போட்டவள், எனக்கு இது தெரியும். என் விரல் பள்ளத்தைத் தேடியது, பள்ளத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ரப்பர் மெத்தென்று ஏறி நின்றது. சில்லின் ஆரைக் கம்பி முனைகள் டியூப்பைக் குத்தாமல் இருக்க உள்ளே ஒரு பட்டி சுற்றுவது வழக்கம்தான். இது ஒரு சுற்று அல்ல. பள்ளமே தூர்ந்து போகும் அளவுக்கு யாரோ சுற்றியிருந்தார்கள். யாரோ என்ன, இந்த மனிசன்தான்.

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அந்தக் காரியத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கம். டயர் கழலாவிட்டால் போகத் தேவையில்லை. போகாவிட்டால் கண்ணில் கத்தி இல்லை. இந்த மங்கல் வெளிச்சமாவது மிஞ்சும், உலை கொதிக்கிறதைக் காதால் கேட்டுச் சமைத்துவிடுவேன். கடவுளே, எட்டு மணியாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிடமே, முற்றிப்போனால் என்னடி செய்வாய் விசரி என்று என்னையே ஏசினேன். சொல், சொல்லாதே, சொல். கை மட்டும் சில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சு வாங்க வாங்க நெம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஆறரைச் செய்தி தொடங்கியது.

ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய சத்தம் கேட்டது. "ஸ்ஸ்..." என்றார். என் புறங்கையில் சூடாய் ஏதோ சொட்டியது.

"என்னது?"

"ஒண்டுமில்ல. வேர்வை."

வேர்வை அப்படிப் பிசுபிசுக்காது. நான் அவருடைய கையைப் பிடித்துத் தடவினேன். உள்ளங்கை கிழிந்திருந்தது. அந்தக் கையால் மறுபடி நெம்பப் போனார்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "ரிம்முக்குள்ள என்னத்தைச் சுத்தி வைச்சிருக்கிறீங்க?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"உங்களத்தான் கேக்கிறன்."

"பழைய டியூப் பட்டி."

"எத்தினை சுத்து?"

"மூண்டு."

துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கயிற்றோடு வேலை செய்த மனிசன். எதைக் கண்டாலும் சுற்றுவார், வாளிப் பிடி, கூட்டுகிற தும்புத்தடி எல்லாம். ஆனால் ரிம்முக்கு மூன்று சுற்று ஏன் என்று கேட்டேன். பங்குனியில் கிளினிக்குக்குப் போகும் வழியில் ஆரைக் கம்பி குத்திக் காற்றுப் போய், நடந்து வரும்போது நான் மதகடியில் விழுந்தேன். அதுக்குப் பிறகுதான் சுற்றினாராம். "நீ பின்னால இருக்கேக்க காத்துப் போகப்படாது," என்றார்.

டயரின் விளிம்பை ஒதுக்கிப் பிடித்து, சவரம் செய்கிற பிளேட்டால் பட்டியை வால்வுக்கு இரண்டு பக்கமும் வெட்டி, மீன் குடலை உருவுவதுபோல் இரண்டு சுற்றை உருவி எடுத்தோம். டயரின் கம்பி பள்ளத்துக்குள் இறங்கியது. மறுபக்கம் டயர் வெறுங்கையாலேயே கழன்று வந்தது. முள் குத்தின இடத்தைக் கண்டுபிடித்து, உரஞ்சி, ஒட்டுகிற சொலூசன் பூசி, அது காயும்வரைக்கும் நான் ஊதிக்கொண்டிருந்தேன். சேலைத்துண்டால் அவர் கையைக் கட்டி, நாங்கள் படலையைத் தாண்டும்போது ஏழே கால்.

எதிர்க்காற்று. "மணி என்ன, மணி என்ன" என்று முதுகுக்குப் பின்னால் நான் அரற்ற, "மிதிக்கவா மணி பாக்கவா?" என்று அவர் எரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. நேர்ஸ் பிள்ளை ஏசத் தொடங்கி, அவரின் கையைக் கண்டதும் நிறுத்தியது. "ஆருக்கு ஒப்பரேசன்? உங்களுக்கா, ஐயாவுக்கா?" என் பெயரை ஒருதரம் கூப்பிட்டாயிற்றாம். திட்டிக்கொண்டே பட்டியலின் கடைசியில் போட்டது. அவருக்கு நான்கு தையல்.

ஆட்கள் காத்திருக்கிற நீள வாங்கில் என் பக்கத்தில் வந்து இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பட்டி என்ர கையில முதலே பட்டது. தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனான்," என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ விரலை வைச்சுத் தடவேக்கயே கண்டனான். பட்டியாலதான் கழலேல்ல எண்டு எனக்கும் விளங்கிட்டுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப என்னத்துக்குக் கையைக் கிழிச்சனீங்க?"

அவர் தையல் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "இருக்கிறது ஒரு கண். வா எண்டு நான் கூட்டி வந்து பிழையாப் போனால், பிறகு நான் உன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? வேண்டாமெண்டும் சொல்ல ஏலாது. நீயாச் சொல்லட்டும் எண்டு நெம்பிக்கொண்டு இருந்தனான்."

"நான் உங்கட கைக்காகத்தான் சொன்னனான். கண்ணுக்காக இல்ல."

"அப்ப... வீட்ட போவமா?"

குரல் நடுங்கியது. முப்பத்திநாலு வருடத்தில் அந்த மனிசனின் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. பதில் சொல்ல முன்னம் உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் என் முழங்கையைப் பிடித்தார். "விடுங்கோ, நானாப் போறன்," என்று கதவு இருந்த வெளிச்சத்தை நோக்கி நடந்தேன்.

மறுநாள் காலை கண்கட்டை அவிழ்த்து, டொக்டர் கையைத் தூக்கிக் காட்டினார். "எத்தினை விரல், அம்மா?"

"மூண்டு," என்றேன்.

"ஓம், மூண்டு! மூண்டுதான்!" என்று டொக்டருக்கு முதல், கதவடியிலிருந்து என் மனிசன் சத்தம் போட்டார். திரும்பிப் பார்த்தேன். ஷேர்ட்டுக்குப் பொத்தானைப் பிழையாகப் பூட்டிக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றார்.