நாற்காலி போட்ட வக்கீல்

இரண்டு வக்கீல்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். என் கணவர் மேல் பழி போட இடமே இல்லை. மற்றவர்தான் சரி என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

அப்போது கடலூர் ஓ.டி.யில், அதாவது துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். எங்கள் மீன்பிடிக் குப்பத்தில் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போன முதல் பெண் நான். அவர் துறைமுகத்தில் கிளார்க். திருப்பாப்புலியூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் உத்தியோகத்தைக் கேட்டதும் முகம் மலர்வார்கள், பிறகு சொந்த ஊரைக் கேட்பார்கள். ஊர்ப் பேரைச் சொன்னதும் முகம் மாறும். "இப்பத்தாங்க வேற ஆளுக்குச் சொன்னோம்." ஐந்து வருஷத்தில் நான்கு வீடு மாறினோம். நான்காவது வீட்டுக்காரி, நான் சாம்பார் வைத்த அன்றுகூட "மீன் நாத்தம் தாங்கல" என்று வாசலில் நின்று கத்தினாள். தைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி எவள் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று நகையெல்லாம் விற்றுச் சொந்த வீடு வாங்கக் கிளம்பினேன்.

ரயிலடிப் பக்கம் ஓர் ஓட்டு வீடு விலைக்கு வந்தது. விற்பவர் சிதம்பரத்துக்காரர். அவருடைய அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு. அம்மா முன்பே போய்விட்டாள், அப்பா இறந்து மூன்று வருஷம், இவர் ஒரே மகன். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். அடமானம் அது இது என்று ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது. பத்திரங்களைப் படித்துப் பார்த்து 'வாங்கலாம்' என்று எழுதித் தர ஒரு வக்கீல்தான் பாக்கி.

முதலில் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலிடம் போனோம். காலையிலிருந்து மத்தியானம் வரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். உள்ளே கூப்பிட்ட பிறகும் நிற்க வைத்தே பேசினார். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, காகிதத்தைத்தான் பார்த்தார்.

"உயில் உண்டா?"

"இல்லீங்க."

"பொண்ணு?"

"ஒண்ணு. பெண்ணாடத்துல கட்டிக் குடுத்துட்டாங்க."

"அந்தம்மா கையெழுத்து வேணும். நேர்ல போய்ப் பேசி வாங்கியாங்க. அது இல்லாம நான் எழுதித் தர மாட்டேன்."

"கட்டிக் குடுத்த பொண்ணுகிட்டயா?" என்றேன்.

"பொண்ணுக்கும் பங்குன்னு சட்டம் வந்து எவ்ளோ நாளாச்சி. டீச்சர்ங்கறீங்க, பேப்பர் படிக்கறதில்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. காகிதங்களை வாரிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சீர் செய்து அனுப்பிய பெண்ணிடம் போய் உன் அப்பன் வீட்டுக்குக் கையெழுத்துப் போடு என்று கேட்பதா? என் அப்பா வீட்டில் நான் பங்கு கேட்டிருந்தால் என்னையே நான் காறித் துப்பியிருப்பேன்.

விற்பவர் எங்களைச் சிதம்பரத்தில் தன்னுடைய வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். கீழ வீதியில் வீடு. அந்த மனிதர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். டபராவில் காபி வந்தது. சொந்த ஊர் எது என்று கேட்டார். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சீர் செஞ்சு அனுப்பிட்டாங்க, அப்பறம் அவுங்களுக்கு இதுல என்னம்மா இருக்கு? இந்த வாரமே ரிஜிஸ்டர் பண்ணிடலாம்" என்றார்.

பஸ்ஸில் என் கணவர், "அவரு விக்கிறவரோட வக்கீலு. நமக்குன்னு ஒருத்தர் வேணாமா? மஞ்சக்குப்பத்து வக்கீலு சொன்னதுதான் சரி" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

"இருக்கட்டுமே. மனுசர மனுசரா மதிக்கிறாரு. அந்த மஞ்சக்குப்பத்து ஆளு ஒரு வார்த்த உக்காருன்னு சொன்னாரா?" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

பத்திரம் பதிவானது. குடிபோன மறுநாள் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு மீன் குழம்பு வைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எட்டாவது மாதம் பெண்ணாடத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. விற்றவரின் தங்கை பாதி வீடு கேட்டிருந்தாள். சிதம்பரத்துக்கு ஓடினோம். அன்றும் நாற்காலி போட்டார், அன்றும் காபி வந்தது. பிறகு, "நான் அவரோட வக்கீல்மா. ஒங்களுக்கு நான் எதுவும் எழுதித் தரலியே" என்றார். உண்மைதான், ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. விற்றவரோ, "அவளையே போய்க் கேளுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வெட்கத்தை விட்டு மஞ்சக்குப்பத்துக்கே போனேன். வராந்தா பெஞ்சில் எனக்கு முன்னால் ஒரு பெரிய மிராசுதார், கடுக்கன் போட்ட மனிதர், விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் உள்ளே போய் அவரும் நின்றுகொண்டுதான் பேசினார். அட பாவி, எல்லோருக்கும் அப்படித்தானா!

"சட்டப்படி பாதி அவுங்களுது. கோர்ட்டுக்குப் போனா நிக்காது. போய்க் கெஞ்சிப் பாருங்க" என்றார் வக்கீல். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கையெழுத்து வாங்க முத்திரைத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு, விருத்தாசலத்தில் பஸ் மாறிப் பெண்ணாடம் போய்ச் சேர்ந்தேன். தங்கை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் இருந்தாள். கணவன் செத்து ஒரு வருஷமாகிறதாம். மச்சாண்டார், அதாவது கணவனின் அண்ணன், அந்த இடத்தையும் மாட்டுக்கு வேண்டும் என்கிறாராம். வாய் திறந்து நான் கெஞ்சும் முன்பே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, எனக்குக் காசு வேணாம். பின்கட்டுல ஒரு ரூம்பு குடுங்க, அது போதும். அது எங்கப்பா கட்டின வீடு. எனக்குப் போக வேற எடம் இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா அப்பவே சொல்லியிருப்பேன்."

அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், இவள் செத்துத் தொலைந்தால் என் வீடு எனக்கு என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். நான்கு வீட்டுக்காரிகளும் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ஒரு அறையை நான் கொடுக்கவில்லை. அவள் கோர்ட்டுக்குப் போனாள். வீட்டை இரண்டாகப் பிரிக்க வழியில்லை என்று கோர்ட் சொல்ல, வீடு ஏலத்துக்குப் போனது.