இன்னும் ரெண்டே ரெண்டு

“ஏழு” என்று சொன்னதும் அவர் யாராவது ஒருவருடைய வீட்டு விஷயத்தை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். “உங்க மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுதா?” கேட்கப்பட்டவர் பாதி உட்கார்ந்த நிலையில், இரண்டு கைகளிலும் டம்பெல்லோடு, மூச்சு வாங்க, முடிந்தது என்பார். “கட்டுப் பிரிச்சாச்சா? நல்லதாப் போச்சு. அஞ்சு... ஆறு...” என்று எண்ணிக்கை தொடரும். ஏழுக்குப் பிறகு ஐந்து எப்படி வந்தது என்று கேட்கும் நிலையில் அப்போது யாரும் இருப்பதில்லை. ஒருவழியாகப் பத்து வந்து, எல்லோரும் கையை இறக்கப் போகும்போது, குழந்தைக்குக் கடைசிக் கவளம் ஊட்டுகிற குரலில் சொல்வார்: “இன்னும் ரெண்டே ரெண்டு.” அந்த இரண்டு முடிந்தால் அதன் முதுகில் இன்னொரு இரண்டு உட்கார்ந்திருக்கும்.

பெண்களுக்கு மட்டுமான அந்த ஜிம்மில் காலை ஆறு மணி வகுப்பைப் பதினொரு வருடமாக நடத்துகிறவர் அவர். உறுப்பினர்கள் நேரில் “அக்கா” என்பார்கள். முதுகுக்குப் பின்னால் “ரெண்டு”. “ரெண்டு வந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள். ஒருநாள் அப்படிக் கேட்ட ஒருவருக்கு, அவருக்குப் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்த அக்காவிடமிருந்து பதில் வந்தது: “இப்போதைக்கு ஒண்ணுதான் வந்திருக்கு. ஏறுங்க.”

வயது நாற்பத்தாறு. குள்ளமான, அகலமான உடம்பு. கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டியிருப்பார். தான் மணி பார்ப்பதற்காக அல்ல, மற்றவர்கள் பார்த்துவிடாமல் இருப்பதற்காக. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. சுவர் நீளத்துக்குக் கண்ணாடி இருக்கும் அறையில், அந்தக் கண்ணாடியை மறைத்துக்கொண்டுதான் நிற்பார். காரணம் கேட்டால், “கண்ணாடியப் பாத்தா தன்னையே திட்டிக்கறாங்க. என்னைப் பாத்தா என்னைத் திட்டுவாங்க. அது பரவாயில்ல” என்பார். எடை பார்க்கும் இயந்திரத்தில் யாராவது ஏறினால் எண்கள் தெரியும் இடத்தில் துண்டைப் போட்டு மூடி, தான் மட்டும் விலக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். மூன்று வாரம் கழித்துத்தான் சொல்வார். அதையும் முழுதாகச் சொல்ல மாட்டார் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு.

மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. தெருப்பக்க ஜன்னல்களில் ஆளுயரத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும். ஐந்து டிரெட்மில்களில் ஒன்று கீச்சிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எப்போதும் அதுதான் கிடைக்கும். இங்கே வருகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை. ஒரு தையல்காரர், தன் வாழ்க்கையில் யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் இதுதான் என்றார். அவருக்குப் பக்கத்திலேயே துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ், மூன்று மாதத்தில் தனக்குப் பசி மட்டும்தான் பெருகியிருக்கிறது என்றார். உடை மாற்றும் அறையில் கொக்கி போதாது, பாட்டுச் சத்தம் அதிகம், பாட்டுச் சத்தம் குறைவு. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது இது: “ஆம்பளைங்க பாக்க மாட்டாங்கன்னுதான் இங்க சேந்தேன். இங்க பொம்பளைங்க பாக்கறாங்க. அதுவும் ஸ்கேன் எடுக்கற மாதிரி.”

ரெண்டு அக்காவின் எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் அபிப்பிராயம் சரிபாதியாகப் பிரியும். அந்தப் பொய் இல்லாவிட்டால் தன்னால் எட்டைத் தாண்டியிருக்கவே முடியாது என்று பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். மீதிப் பேருக்கு அது ஏமாற்று வேலை. அவர்களுக்குத் தலைவி, பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எண்ணிக்கை வழுக்கும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து, விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிப்பது போல, “அது பதிமூணு” என்று ஒரு குரல் வரும். “உங்களுக்கு மட்டும் பதிமூணு டீச்சர். எங்களுக்கு இப்பதான் பத்து” என்பார் அக்கா. சிரிப்பில் இன்னும் இரண்டு நழுவிப் போகும்.

இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்று கேட்டபோது, கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னார். பிரசவ வார்டில். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, வலி தாங்காமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரிடம் ஒரு நர்ஸ், இன்னும் ஒரே ஒரு தடவை முக்கினால் போதும் என்றாராம். அந்த ஒரே ஒரு தடவை நாலு மணி நேரம் நடந்தது. “அந்தம்மா உண்மையைச் சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பேன். என் பொண்ணு இன்னும் வயித்துக்குள்ளயே இருந்திருப்பா” என்கிறார். பொய்யைப் பற்றி அவருக்கு இருக்கும் மொத்தக் கொள்கையும் இதுதான்.

அந்தக் கொள்கை ஒரே ஒரு முழங்காலில் தடுக்கி விழுந்தது.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒரு பெண்மணி வகுப்பில் இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகி, டாக்டர் சொல்லித்தான் இங்கே சேர்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலும் அவர் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கிளட்ச்சை மிதிக்க இடது கால்தான் வேண்டும். இங்கே அவருக்கு ஒரே பயிற்சி: மல்லாந்து படுத்து, கணுக்காலில் மணல் பட்டையைக் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கி, மடக்கி, நீட்டி, இறக்க வேண்டும். பத்து முறை, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்பது டாக்டரின் கண்டிப்பு. வலியில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவருக்குத் தானே எண்ணிக்கொள்ள முடியாது. எண்ணுவதை அக்காவிடம் ஒப்படைத்திருந்தார். முதல் இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம், முகத்தில் தெம்பு தெரிகிறதே என்று அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. ஏழில் நிறுத்தி, கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பற்றி ஏதோ விசாரித்தார். பிறகு இரண்டே இரண்டு. பிறகு இன்னொரு இரண்டே இரண்டு. பின்வரிசையிலிருந்து கணக்கு டீச்சர் “பதினாறு” என்றார். வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் முழங்கால் பந்தாக வீங்கியிருந்தது. ஒன்பது நாள் அவரால் காரில் ஏறவே முடியவில்லை.

ஜிம் முதலாளியம்மாவின் மேசையில், ஷூ வந்த அட்டைப்பெட்டியில் வாய் கிழித்துச் செய்த ஒரு கருத்துப் பெட்டி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, வகுப்பு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பது அவர் வழக்கம். வீக்கம் வடிந்த வாரத்தில் திறந்தபோதும் கொக்கி, பாட்டு, கீச்சிடும் டிரெட்மில் எல்லாம் வந்தன. கடைசிச் சீட்டில் பெயர் இல்லை. “எனக்குப் புதிதாக எந்த வசதியும் வேண்டாம். எண்ணத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.” யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. வகுப்புக்கு வராமல் இருந்தவர் தன் மகளிடம் கொடுத்தனுப்பியது அது.

அன்றைக்குச் சிரிப்பே இல்லை. முதலாளியம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். மாலை வகுப்புக்குச் சான்றிதழ் வாங்கிய புதிய பயிற்சியாளர் வந்திருக்கிறார். காலை வகுப்பையும் அவரே எடுக்கட்டும். அக்கா மதியம் மூன்று மணியைப் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று மணிக்கு வருகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ஃபோனை சார்ஜ் போட வருகிறவர். அக்கா கழுத்து விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த டம்பெல்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

பேசியது கணக்கு டீச்சர். “அவங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. இத்தனை வருஷமா கூடவே எண்ணிக்கிட்டிருக்கேன். இப்படித் தப்பா எண்ணணும்னா, முதல்ல சரியா எண்ணத் தெரிஞ்சிருக்கணும்.”

இது ஆதரவா, குற்றச்சாட்டா என்று முதலாளியம்மாவுக்கே பிடிபடவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். டிரைவிங் ஸ்கூல் அம்மா திரும்பி வந்து, இதே வகுப்பில், இதே அக்கா எண்ண, பயிற்சி செய்யத் தயாராக இருந்தால் வகுப்பு அக்காவிடமே இருக்கும். பத்து நாள் தவணை.

அக்கா டிரைவிங் ஸ்கூலுக்குப் போனது அடுத்த நாள் மதியம். இருவரும் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து பேசினார்கள். கற்றுக்கொள்கிறவர் இருக்கையில் அக்கா. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கைகளை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஆரம்பித்தாராம். உடனே பதில் வந்தது: “வேணும்னுதான் பண்ணீங்க. அதுதான் எனக்குக் கோபம். கை தவறிப்போயிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன்.” கற்க வருகிறவர்களிடம் தான் ‘நிறுத்துங்க’ என்றால் அது நிறுத்தத்தான், அதில் விளையாடினால் அடுத்த முறை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வேறு வழி தெரியாமல் அக்கா தன் பிரசவக் கதையைச் சொன்னார், அந்த நர்ஸையும் அவருடைய ஒரே ஒரு தடவையையும்.

டிரைவிங் ஸ்கூல் அம்மா முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“குழந்தை பொறந்ததுக்கு அப்புறமும் அந்த நர்ஸ், ‘இன்னும் ஒண்ணு’ன்னு சொன்னாங்களா?”

அந்தக் கேள்வியோடு அக்கா பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கியதாகச் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை, கேட்டவர்கள்தான் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே தலைகீழாக எண்ணிப் பழக ஆரம்பித்தார். பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் அடியில் தரை வந்துவிடும், அதற்குக் கீழே எதையும் ஒளித்துவைக்க முடியாது என்பது அவர் கணக்கு. பாத்திரம் துலக்கும்போது எண்ணினார். மாடிப்படி இறங்கும்போது எண்ணினார். பதினொரு வருடப் பழக்கம் லேசில் விடவில்லை. ஏழு வந்தால் நாக்கு தானாக விசாரணைக்குப் போய்விடும். “பத்து, ஒம்பது, எட்டு, ஏழு, கேஸுக்குச் சொல்லிட்டியா? எட்டு...” பக்கத்தில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் தலையை நிமிர்த்தாமலே, “அம்மா, இது ராக்கெட். நடுவுல இறங்கி கேஸ் வாங்கிட்டு வரக் கூடாது” என்றாளாம். ஏழாவது நாள்தான் முதல்முறையாக எங்கும் இறங்காமல் ஒன்று வரை போய்ச் சேர்ந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் மகள் அவருக்கு இரண்டு முறை பரிமாறினாள். மூன்றாவது முறை கரண்டியை நீட்டி, “இன்னும் ரெண்டு?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

டிரைவிங் ஸ்கூல் அம்மா தவணையின் ஒன்பதாவது நாள் வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி, யாரிடமும் பேசாமல் மூலையில் பாயை விரித்தார். வகுப்பில் இருபத்திரண்டு பேர். எல்லோரும் தங்கள் வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீச்சிடும் டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு நின்றார். முதலாளியம்மா கதவருகே. கணக்கு டீச்சர் பின்வரிசையில், உதடுகளை இறுக்கிக்கொண்டு.

அக்கா பாயின் பக்கத்தில் மண்டியிட்டு, மணல் பட்டையைக் கட்டிவிட்டார். கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தார், முகப்பு மேலே தெரிய.

“பத்து” என்றார். கால் எழுந்து, மடங்கி, நீண்டு, இறங்கியது. ஒன்பது. எட்டு. ஏழு வந்தபோது அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அக்காவின் பார்வை ஒரு கணம் தையல்காரர் பக்கம் போனது. அவர் வீட்டில் ஏதோ விசேஷம் என்று எல்லோருக்கும் தெரியும். பார்வை திரும்பி வந்தது. ஆறு. ஐந்து. நாலு. மூன்றில் முழங்கால் லேசாக நடுங்கியது. படுத்திருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்த எண்ணுக்குப் பதிலாக, பழைய குரலில், பழைய சொல் வந்தது.

“இன்னும் ரெண்டே ரெண்டு.”

யாரோ ‘ஐயோ’ என்றார்கள். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். பின்வரிசையில் கணக்கு டீச்சர் ஒரு நொடி யோசித்து, “சரிதான்” என்றார். “இந்தத் தடவை நிஜமாவே ரெண்டுதான்.”

கால் ஒருமுறை எழுந்து இறங்கியது. “ஒண்ணு” என்றார் அக்கா. கால் இன்னொரு முறை எழுந்து இறங்கியது. எண்ணிக்கை முடிந்தும் அக்காவின் வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து எதுவோ கிளம்பி உதடு வரை வந்துவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். வலது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.

டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, என்ன தோன்றியதோ, பட்டை கட்டிய காலைத் தானாகவே இன்னொரு முறை தூக்கப் போனார்.

வாயைப் பொத்திய கையை எடுக்காமலே, அக்கா மற்றக் கையை நீட்டி அந்தக் காலைப் பாயோடு சேர்த்து மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டார்.