கடலைவிட உப்பான தொட்டி

என் அக்காவின் கணவர் பிரான்சில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வூதியத்தோடும் முட்டிவலியோடும் திரும்பி வந்து, கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் தாண்டி ஒரு வீடு கட்டினார். அதன் முன்னறையில், எங்கள் சொந்தக்காரர்கள் மாதா படத்தையோ பெரிய டி.வி.யையோ வைக்கும் சுவரோரம், ஐந்தடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தார். உள்ளே கடல். அதாவது, கடல் என்று அவர் நம்பிய ஏதோ ஒன்று.

எனக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே பிடிக்காது. ஸ்கூட்டரில் பத்து நிமிடம் போனால் நிஜக் கடல் கிடக்கிறது. அங்கே போய்க் காலை நனைக்கச் சோம்பல்படும் ஒரு மனிதர், அதையே வீட்டுக்குள் கொண்டுவந்து நீல விளக்குப் போட்டு, சோபாவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் விளக்கம் வேறு. நான் பெரிய மருத்துவமனை ஒன்றில் டயாலிசிஸ் டெக்னீஷியன். நாள் முழுவதும் தண்ணீரையும் உப்பையும் அளப்பதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மனிதர் எனக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்?

தொட்டியில் அவருக்கு மிகவும் பிடித்தது ஒரு தோல் பவளம். பெரிய காளான் போல இருக்கும். தடித்த தண்டு, அதன் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு குடை. நன்றாக இருக்கும்போது குடை முழுவதும் சின்னச் சின்னப் பூக்கள் மாதிரி விரல்கள் நீட்டிக்கொண்டு அலையில் ஆடும். அதற்கு அவர், பிரெஞ்சில் சீமாட்டிகளை அழைப்பது போல, ‘மதாம்’ என்று பெயர் வைத்திருந்தார். "மதாம் இன்னிக்கு நல்லா இருக்காங்க" என்பார். என் அக்காவைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அக்கா போன் செய்தாள்.

"அவரு ரெண்டு நாளா சரியா சாப்புடல. ஞாயித்துக்கெழம வந்து என்னன்னு பாத்துட்டுப் போ."

அவருக்கு என்ன என்று கேட்டேன்.

"அவருக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பவளத்துக்குத்தான் முடியல."

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து கடலூர் பஸ் ஏறிப் போனேன். எனக்கு முன்பே அங்கே ஒரு வைத்தியர் வந்திருந்தார். டவுனில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவர். வெறும் கடைக்காரர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். தன்னை கன்சல்டன்ட் என்றுதான் சொல்லிக்கொள்வார். வீடியோ போடுவார். செல்போன் வெளிச்சத்தைத் தொட்டியில் அடித்து, தலையைச் சாய்த்து, எங்கள் வார்டில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரைப் போலவே ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, "ஸ்ட்ரெஸ் சார்" என்றார்.

மாமா தலையாட்டினார். பாரீஸ் பார்த்த தலை.

ஸ்ட்ரெஸுக்கு மருந்தாக ஒரு புட்டி கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்தால் அதே மாதிரிப் புட்டிகள் வரிசையாக நின்றன. சாராயக்கடையில்கூட அவ்வளவு நேர்த்தியாக அடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு புட்டியும் ஒவ்வொரு வாரத்தின் நோய்க்கு. முதல் வாரம் கால்சியம் போதவில்லை. அடுத்த வாரம் அயோடின். அதற்கடுத்த வாரம் ஏதோ பாக்டீரியா. பார்த்துச் சொன்னவருக்கு எந்த நோய் என்பதில் ஒரு கவலையும் இல்லை. ஏதோ ஒன்று இருந்தால் போதும்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா சொன்னதை வைத்து வரும் வழியிலேயே செல்போனில் கொஞ்சம் படித்திருந்தேன். இந்த வகைப் பவளம் அவ்வப்போது சுருங்கிக்கொள்ளும். மேலே மெழுகு பூசினாற்போல ஒரு தோல் கட்டும். சில நாளில் அதை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி விரியும். அது நோயில்லை. ஆனால் மதாம் சுருங்கி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தோல் உரியவே இல்லை. குடை நமத்துப்போன அப்பளம் மாதிரி ஓரம் மடிந்து தொங்கியது. தண்டின் அடியில் கறுப்பாக ஒரு திட்டு. கையுறை போட்டுத் தொட்டேன். கொழகொழவென்றிருந்தது. விரலை முகர்ந்தால் அழுகின முட்டை.

ஆக அடியில் அழுகல். அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதை வரவைத்தது எது என்பதுதான் கேள்வி.

தொட்டியின் மேல் விளிம்பில் உப்பு படிந்து வெள்ளையாக இருந்தது. உப்பை அளக்கும் கருவியைக் கேட்டேன். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு முள் மிதக்கும். முள் மிகச் சரியான கோட்டில் நின்றது. கன்சல்டன்ட் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து ‘பர்ஃபெக்ட்’ என்று சொல்லுவாராம். நான் டப்பாவிலிருந்த தண்ணீரைக் கொட்டினேன். முள் அசையவில்லை. காலி டப்பாவிலும் அதே ‘பர்ஃபெக்ட்’. உப்பு கட்டி இறுகிப்போயிருந்தது. எத்தனை மாதமாக என்று யாருக்குத் தெரியும்? இரண்டு ஆண்பிள்ளைகள் மாறி மாறி அதை உற்றுப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள்.

"தண்ணி கொறஞ்சா என்ன ஊத்துறீங்க மாமா?"

கடல் தண்ணீர்தான் என்றார். நோணாங்குப்பத்தில் தெரிந்த படகுக்காரர் ஒருவர் முகத்துவாரம் தாண்டிப் போகும்போது கேனில் மொண்டு வந்து தருகிறார். தினமும் அரை வாளி. பெருமையாகச் சொன்னார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு எங்கேயும் போவதில்லை. போன தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீரை ஊற்றவேண்டும். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால், கருவாட்டுக்கு உப்பு போடுவது போலத்தான். உயிரோடு இருக்கும்போதே மதாமைக் கருவாடாக்கிக்கொண்டிருந்தார் மாமா. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது.

"யாரு மாமா உங்கள அப்புடி ஊத்தச் சொன்னது?"

என் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கன்சல்டன்ட் பெயரைச் சொல்லுவார், பிய்த்து எறியலாம் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்:

"நீதானம்மா சொன்ன."

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் மறுக்க வாயெடுத்தேன். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்து. நான் போனைப் பார்த்தபடி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, தொட்டியில் தண்ணீர் குறைகிறதே, நீ தண்ணீர் வேலை பார்க்கிறவளாச்சே, எதை ஊற்றுவது என்று கேட்டார். நான் தலையைத் தூக்கவே இல்லை. "கடல் பிராணிக்குக் கடல் தண்ணிதான் ஊத்துவாங்க, கெணத்துத் தண்ணியா ஊத்துவாங்க" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது நல்ல பதிலாகத்தான் பட்டது.

அந்த மனிதர் அன்றே போய்ப் படகுக்காரரைப் பிடித்திருக்கிறார். என் பேச்சை அவ்வளவு மதித்த இன்னொருவர் என் குடும்பத்தில் இல்லை. மருத்துவமனையில் ஒரு துளி தவறினாலும் ஆளைக் கொன்றுவிடும் வேலையில் இருப்பவள், ஒரு வாய் பிரியாணிக்கு நடுவில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோயிருக்கிறேன். கன்சல்டன்ட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் புட்டியாவது கொடுத்தார்.

மன்னிப்பு கேட்டேனா என்றால், இல்லை. "சரி, இப்ப என்ன பண்ணணும்னு பாப்போம்" என்றேன்.

தொட்டித் தண்ணீரையும் படகுக்காரரின் கேன் தண்ணீரையும் இரண்டு பாட்டில்களில் எடுத்துப்போய் மறுநாள் மருத்துவமனையில் உப்பு அளக்கும் மீட்டரில் பார்த்தேன். சந்தேகமில்லை. தொட்டி கடலைவிட வெகுவாக உப்பு. போன் செய்து சொன்னேன். ஆனால் ஒரே நாளில் இறக்கக்கூடாது. உடம்பில் உப்பு ஏறிப்போன நோயாளிக்கு அதை அவசரமாக இறக்கினால் மூளை வீங்கிவிடும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பவளத்துக்கு மூளை கிடையாது, ஆனால் அதன் சதைக்கும் அதே கதிதான். ஆவியாகிக் குறைவதற்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்; அதோடு தினமும் இரண்டு மக் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு மக் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றச் சொன்னேன். கன்சல்டன்ட் பாதித் தண்ணீரை உடனே மாற்றச் சொன்னாராம். மாமா தயங்கினார்.

"ஒரே நாள்ல எறக்குனா செத்துடும் மாமா. அவரு சொல்றத கேக்குறதா இருந்தா நான் வரல."

கேட்டுக்கொண்டார். அவர் யார் சொன்னாலும் கேட்பார் என்பதுதான் பிரச்சினையே.

அடுத்த ஞாயிறு அழுகலை வெட்ட வேண்டியிருந்தது. தண்டு போகட்டும், குடையாவது பிழைக்குமா என்பதுதான் கணக்கு. புது பிளேடு, கையுறை, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் கொண்டுபோனேன். பவளத்தை ஒரு தட்டில் எடுத்து வைத்ததும் அந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பிளேடைத் தண்டின் மேல் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். நான் ஊசி போட்டே பழகியவள். வெட்டிப் பழகியவள் இல்லை. எங்கே நல்ல சதை முடிகிறது, எங்கே அழுகல் தொடங்குகிறது என்றும் புரியவில்லை.

மாமா என் கையிலிருந்து பிளேடை வாங்கினார். ஊரெல்லாம் அவரைச் சொல்தா என்று நினைத்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த சிப்பாய் என்று. அவரும் மறுத்ததில்லை. உண்மையில் பட்டாளத்துச் சமையற்கட்டில் இறைச்சி வெட்டியவர். இதை வைத்து நான் எத்தனை தடவை அக்காவிடம் கேலி பேசியிருக்கிறேன். அவர் விரலால் தண்டை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரே இழுப்பு. வெட்டுவாய் நெடுக வெள்ளையாக, சுத்தமாக, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

"வுவாலா" என்றார். ‘இந்தா’ என்பதற்குப் பிரெஞ்சு. பெருமையாகச் சொல்லவில்லை. கறியை எடுத்து வைக்கும்போது சொல்லிப் பழகிய சொல் போல இருந்தது.

வெட்டிய குடையை அயோடின் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, ஒரு கல்லின் மேல் உட்காரவைத்து, பல்குச்சி செருகி, ரப்பர் பேண்ட் போட்டோம். வெளிச்சமும் அலையும் அதிகம் படாத மூலையில் வைத்தோம். அது கக்கிய நஞ்சையெல்லாம் இழுக்க, வடிகட்டியில் புதிதாகக் கரித்தூள் பை ஒன்று போட்டோம். அலமாரிப் புட்டிகளில் ஒன்றையும் திறக்கக்கூடாது என்றேன். மாமா அலமாரியைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தார்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் மெழுகுத் தோல் கிழிந்து, கந்தல் கந்தலாக மிதந்தது. மாமா பயந்துபோய் போன் செய்தார். நல்லதுதான், விடுங்கள் என்றேன். நாலு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. குடையின் ஒரு ஓரத்தில் மட்டும் நாலைந்து விரல்கள். எங்கள் வார்டில் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில் நின்று அதை மூன்று தடவை பார்த்தேன். யாரிடமும் காட்டவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் குடை கல்லைப் பிடித்துக்கொண்டு சாஸர் அளவுக்கு விரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய ஆட்கள். கன்சல்டன்ட்டும் வந்திருந்தார். மதாம் பிழைத்த கதையை எல்லோரும் கேட்டார்கள். மாமா கன்சல்டன்ட்டின் தோளில் கைபோட்டு, "இவரு குடுத்த மருந்துதான்" என்றார். அந்த ஆள் கூச்சமே இல்லாமல் சிரித்தார். தொட்டியை வீடியோ எடுத்துக்கொண்டார்.

நான் சமையலறைக்குப் போய் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். பொய்யர், நன்றி கெட்டவர் என்று எது வாயில் வந்ததோ அதை. அக்கா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"நீ காப்பாத்துனன்னு சொன்னா, எப்புடி கெட்டுச்சுன்னு கேப்பாங்க. அதனாலதான் ரெண்டையும் சொல்லாம உட்டுட்டாரு."

தட்டை என் கையில் கொடுத்து, முன்னறைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கொண்டுபோனேன். அந்தக் கடைக்காரருக்குத்தான் முதலில் நீட்ட வேண்டியிருந்தது. அவர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "சிஸ்டர், உங்களுக்கும் இதுல இன்ட்ரஸ்ட் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மாமா இப்போதும் எதற்கும் என்னைத்தான் கேட்கிறார். விளக்கு எத்தனை மணி நேரம், மீனுக்கு எவ்வளவு தீனி, வடிகட்டியை எப்போது கழுவுவது. எனக்கு இன்னமும் அந்தத் தொட்டி பிடிக்கவில்லை. அவர் விளக்கம் கொடுக்கும் தோரணையும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பேசுகிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். அதைச் சொல்லவே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.