தும்பைக்கு மருந்து கேட்டவர்

சுருளியப்பன் அண்ணன் தவறிவிட்ட செய்தி நம் திராட்சை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் போட்டிருந்த இரண்டு வரிக்கு மேலே, முந்தின நாள் அண்ணன் அனுப்பிய படம் அப்படியே இருந்தது. தும்பைச் செடி. பாதிப் படத்தை அவர் விரல் மறைத்திருந்தது. அதற்கு யாரும் பதில் போடவில்லை, நானும் போடவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆனைமலையன்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கொடி வெட்டும் கவாத்துக் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டே கல்யாண வீட்டுக்கும் வருவார். உத்தமபாளையத்தில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு அவர் இருபது வருஷத்து வாடிக்கை. பந்தலுக்கு அடியில் ஒரு புல் முளைத்தாலும் அவருக்குப் பொறுக்காது. களைக்கொல்லி வாங்கி வரப்பு வரைக்கும் அடிப்பார். நானும் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வரப்பில் மழைக்குப் பின் தும்பை பூக்கும். அவர் மனைவி, எனக்குப் பேச்சி மதினி, திங்கட்கிழமைதோறும் அதைப் பறித்துச் சிவன் படத்துக்கு வைப்பார். ஒரு கார்த்திகையில் தோட்டம் முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து, "சாமிக்கு ஒரு தும்பை இல்லாமப் பண்ணிட்டீகளே" என்று சொல்லிவிட்டார். அண்ணன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

மறுவாரமே பஸ் ஏறி ஆண்டிபட்டிக்குப் போய், ஒரு மானாவாரிக் காட்டிலிருந்து பத்துச் செடிகளை வேரோடு எடுத்து மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டு முன்னால் பாத்தி கட்டி நட்டார். அதோடு விட்டிருக்கலாம். மனிதர் திராட்சைக்காரர் அல்லவா? தொழுவுரம் போட்டார், சொட்டுநீர்க் குழாய் இழுத்தார், கொடிக்குச் செய்வதுபோல நுனியைக் கிள்ளினார். "வெட்டுனாத்தாம்லே பூ வெடிக்கும்" என்று எனக்கே பாடம் எடுத்தார். தை மாதம் செடிகள் காய்ந்தன. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"ஏலே, இது என்ன நோயின்னு பாரு. நல்ல மருந்தாக் குடு."

அது நோயே இல்லை. ஏதோ நாலு பூ பூத்து, விதை பிடித்து, தன் ஆயுசு முடிந்த செடி. நானாவது சொல்லியிருக்க வேண்டும். காய்ந்த இலையைப் பார்த்ததும் அலமாரிக்குப் போய்ப் பழகிய கை. பூஞ்சண மருந்து ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தேன்.

மருந்தடித்தும் பலனில்லை. கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கித் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வீசிவிட்டார். அடுத்த ஐப்பசி மழைக்கு அங்கே நெருக்கமாகத் தும்பை முளைத்தது. கடையில் ஆட்கள் நிற்கும்போதே வாசலில் இருந்து கத்தினார்: "ஏலே, செத்ததெல்லாம் மொளச்சிருச்சுடா! நம்ம ரெண்டு பேரும் முட்டாப் பயலுகடா!" அவ்வளவு சந்தோஷமாக அவர் திட்டி நான் கேட்டதில்லை.

அதன்பின் நாலு வருஷம் அந்த இடத்துக்கு உரமும் கிடையாது, கத்தரியும் கிடையாது. காய்ந்த செடியை யாரும் தொடக்கூடாது, விதை விழ வேண்டும். "இதுக்கு நாம செய்ற ஒத்தாச, சும்மா இருக்கதுதான்" என்பார். அவர் சும்மா இருந்து நான் பார்த்த ஒரே இடம் அதுதான்.

பதினாறாம் நாள் காரியத்தில் மதினியிடம், தும்பை இந்த வருஷமும் நன்றாகப் பூத்திருக்கிறதே என்றேன். அவர் சிரித்துவிட்டு அழுதார்.

"சாமிக்குத் தும்பை இல்லேன்னது ஏதோ ஒரு நா கோவத்துல சொன்னது தம்பி. சாமிக்கு எந்தப் பூ வச்சா என்ன? செம்பருத்திதான் வீட்டுல கெடக்கே. ஆனா அவுக காலையில குந்தி உக்காந்து ஒவ்வொரு பூவாப் பறிச்சு, உள்ளங்கையில வச்சு எடுத்துட்டு வருவாக. அதப் பாக்குறதுக்காகவே நான் சொல்லாம இருந்துட்டேன்."



அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. களைக்கொல்லி கேட்டு வருகிறவர்களிடம் இப்போது, "வரப்புல என்ன மொளச்சிருக்குன்னு பாத்தீகளா?" என்று கேட்கிறேன். "விக்கிற நீங்களே இப்படிக் கேக்கலாமாண்ணே?" என்று சிரிக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். நான் கேட்காமல் விற்ற களைக்கொல்லிக்கெல்லாம் சேர்த்து அவர் நாலு வருஷம் மண்ணில் குந்தி உட்கார்ந்து பதில் சொன்னார்.